நாலாவது பாட்டில் ஒரு சாவிச் சத்தம்

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் ஒருநாள் ஒரு புதுப் பாடகர் பாட வந்தார். தபால் ஆபீசில் வேலை. நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கிறார். இரண்டாவது பாட்டின் நடுவில் வார்த்தை மறந்துபோனது. விரல் கிட்டார் கம்பியிலேயே நின்றுவிட்டது, முகத்தில் ரத்தம் இல்லை. இருபது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து 'சளார்' என்று ஒரு சத்தம். ஒருவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து சிமெண்டுத் தரையில் கிடந்தது. எல்லாத் தலையும் திரும்பியது.

"அறிவிருக்கா அண்ணே உங்களுக்கு?" என்று ஒருத்தர் திட்டினார்.

"மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று அவர் குனிந்து, ஏதோ ஒவ்வொரு சாவியாகப் பொறுக்குகிற மாதிரி நிதானமாக எடுத்தார். அதற்குள் தபால்காரர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். வார்த்தை திரும்பி வந்தது, பாட்டும் வந்தது.

சாவி தவறி விழவில்லை. கொக்கியைக் கழற்றி அவரேதான் விட்டார். அதைப் பார்த்தவர் பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்தான். 'என்ன மனுசன்யா இவர்' என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார், வெளியே சொல்லவில்லை.

அந்த அறையில் கூடுகிறவர்கள் எல்லாரும் பாட்டுப் பைத்தியங்கள். பெரிய கம்பெனிப் பாட்டு இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப்போட்டு, தாங்களே வெளியிடுகிறவர்களின் ஆல்பம்தான் வேண்டும். ஞாயிறு நாலு மணிக்கு மாடியேறுவார்கள். புது ஆல்பம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பேச்சுமூச்சில்லாமல் கேட்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்வார்கள். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லக் கூடாது. அங்கே அது கெட்ட வார்த்தை. மாதம் ஒருநாள் யாராவது நேரில் வந்து பாடுவார்கள்.

நம்பிக்கை என்பது அங்கே மருந்துக்கும் கிடையாது. ஒருவர் ஒரு ஆல்பத்தைப் புகழ்ந்தால், "உங்க மச்சான் அதுல டிரம்ஸ் வாசிச்சிருக்காரா?" என்பார்கள். லட்சம் பேர் கேட்டதாக எண் காட்டினால், "அந்த லட்சத்துல ஒருத்தனையாவது நேர்ல கூட்டிட்டு வா, பாப்போம்" என்பார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் எதைக் கேட்டாலும் ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் போட்டதில்லை. அதனால் அவர் பெயரே ஒன்றரை ஆகிவிட்டது. கூட்டத்தை நடத்துகிற நர்ஸம்மா, "பொண்ணு பாக்கப் போனப்பவாவது ரெண்டு போட்டியா?" என்று கேட்பார். "ஒண்ணே முக்கால் போட்டேன் நர்ஸம்மா. வீட்ல சொல்லிடாதீங்க" என்பார் அவர்.

சந்தேகத்தில் கண்ணாடிக் கடைக்காரர் எல்லாருக்கும் ஒரு படி மேலே. எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்று சாதிக்கிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறவர். காலையில் கடவுளைக் கும்பிட்டுக் கடை திறப்பார். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை ஒருவரையும் நம்பமாட்டார்.

சாவி வைத்திருந்தவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். ஆறு மாடி ஆபீஸ் கட்டிடம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிற வேலை. இருபத்திரண்டு வயதில் லிப்ட் ஓட்ட வந்தார். லிப்ட் தானாக ஓடத் தொடங்கியதும், போகச் சொல்ல மனம் வராமல், சாவிகளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஐம்பத்து நாலு சாவி. எது எந்தக் கதவுக்கு என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், அவர் மட்டும். அவருக்கென்று உட்கார்ந்து பேச ஆள் இருந்தது உலகத்திலேயே அந்த டயர் கடை மாடியில்தான்.

அவர் அபிப்பிராயம் சொல்கிற விதமே தனி. "இந்த மூணாவது பாட்டு இருக்கே, எல்லாரும் பூட்டிட்டுப் போன ஆபீஸ்ல மறந்துபோய் ஒரு ஃபேன் மட்டும் ஓடுது பாருங்க, அப்படி இருக்கு" என்பார். யாரும் சிரிக்கமாட்டார்கள். மறுபடி கேட்டால் ஃபேன் ஓடும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் பாட வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. முதல் ஆல்பத்துக்கு ஒன்றரையே இரண்டு போட்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆல்பத்துக்கான ஆறு பாட்டுகளை முதலில் இவர்கள் முன்னால் பாடிப் பார்க்க வந்திருந்தாள்.

"இன்னும் எதுவும் முடியலை. வார்த்தையை மாத்துவேன், மெட்டையே மாத்துவேன். தயவுசெஞ்சு யாரும் ரெக்கார்ட் பண்ணிடாதீங்க. உங்களை நம்பித்தான் பாடறேன்" என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரர் மனைவிக்கு அன்று வர முடியவில்லை. அவளும் பாட்டுப் பைத்தியம்தான். வீட்டில் தையல் வேலை. சட்டை அளவெல்லாம் போனிலேயே கேட்டு வாங்கித் தைப்பாள். குளியலறையில் வழுக்கிக் கால் எலும்பு விட்டுப்போய் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். "நீங்க மட்டும் போய்க் கேட்டுட்டு வாங்க, நான் விட்டத்தைப் பாத்துட்டுக் கிடக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அதனால் அவர் அவளுக்கு போன் போட்டு, அதை அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதிவு பண்ணினால்தானே தப்பு, இது வெறும் பேச்சுத்தானே என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை அந்த ஆறு பாட்டும் இணையத்தில் வெளியே வந்துவிட்டது. பாதிக் குரல், பாதி இரைச்சல். 'பூனைக்குச் சளி பிடிச்சிருக்கு' என்று எவனோ கீழே எழுதியிருந்தான். அதற்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அந்தப் பெண் நர்ஸம்மாவுக்கு போன் செய்து அழுதாள். "யாருன்னு தெரியற வரைக்கும் அங்க வரமாட்டேன் அக்கா. மத்தவங்களையும் போகாதீங்கன்னுதான் சொல்வேன்." பாட வர ஆளில்லாவிட்டால் அந்த அறை டயர் அடுக்கத்தான் லாயக்கு.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வந்த பதிவைப் புது ஆல்பம் கேட்கிற மாதிரியே உட்கார்ந்து கேட்டார்கள். ஒருமுறை இல்லை, நாலுமுறை. வேறு யாராக இருந்தாலும் போலீசுக்குப் போயிருப்பார்கள். இவர்களுக்குத் தங்கள் காதுமேல் அவ்வளவு நம்பிக்கை.

"நாலாவது பாட்டை மறுபடி போடுங்க" என்றார் ஒன்றரை, கண்ணை மூடிக்கொண்டு. "கேட்டீங்களா? சிலுங்னு ஒண்ணு. தாளத்தோட சேரலை. எல்லாப் பாட்டுலயும் இருக்கு, இதுல ரொம்பக் கிட்ட."

"பாடறவளை விட அதுதான் கிட்டக் கேக்குது" என்றார் நர்ஸம்மா.

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாக் கண்ணும் ஒரு இடுப்புக்குப் போனது.

"என் சாவிதான்" என்றார் சாவிக்கொத்து. "நாலாவது பாட்டுக்கு என்னால சும்மா நிக்க முடியலை. ஆனா எடுத்தது நான் இல்லை."

"சத்தம் உங்களுது, போன் மட்டும் அடுத்த வீட்டுதா? மேல் சத்தமும் இல்லை, கீழ்ச் சத்தமும் இல்லை, நடுவுல கொஞ்சம்தான் பதிஞ்சிருக்கு. ஓட்டை போன்ல எடுத்தது. இங்க யாருகிட்டண்ணே ஓட்டை போன் இருக்கு?" என்றார் ஒன்றரை.

சாவிக்கொத்தின் போன் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கும். அது எல்லாருக்கும் தெரியும்.

நர்ஸம்மா திரும்பினார். "நீங்கதானே பக்கத்துல நின்னீங்க. ஏதாவது பாத்தீங்களா?"

கண்ணாடிக் கடைக்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. "ரெண்டு தடவை போனை வெளிய எடுத்தார்."

"மோட்டார் போடச் சொல்லி அஞ்சாவது மாடியிலேர்ந்து கூப்பிட்டாங்க தம்பி."

"அன்னைக்குச் சாவி விழுந்துதே, தபால்காரர் பாடறப்போ? அது விழலை. அவரே கழட்டி விட்டார், நான் பாத்தேன். விட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மன்னிப்புக் கேட்டார். செய்யறதைச் செஞ்சிட்டு அப்பாவி மாதிரி நிக்க அவருக்குத் தெரியும்."

சொல்லும்போதே நாக்கில் ஏதோ கசந்தது. ஆனாலும் சொல்லி முடித்தார்.

சாவிக்கொத்து அவர் பக்கம் திரும்பினார். கண்ணாடிக் கடைக்காரரின் சட்டைப் பையை ஒருமுறை பார்த்தார். 'முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, நெஞ்சைப் பார்க்கிறார்' என்று இவர் நினைத்தார். சந்தேகம் கெட்டியாகிவிட்டது.

"கொஞ்ச நாள் வராம இருங்கண்ணே" என்றார் நர்ஸம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் எழுந்தார். படியில் இறங்குகிற சாவிச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அப்போதும் அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அதைத்தான் கேட்டார்கள்.

இதை எதையும் கண்ணாடிக் கடைக்காரர் தன் மனைவியிடம் சொல்லவில்லை. சாவிக்கொத்தைக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நினைக்கிறவள், உடைந்த காலோடு படுத்திருக்கிறவளிடம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் போனை நீட்டினாள். "அந்தப் பேங்க் அம்மா அளவு சொன்னாங்க, கை நீளம் மறந்துட்டேன். பழைய பேச்சுல இருக்கும், கொஞ்சம் தேடிப் போடுங்க."

"பழைய பேச்சா?"

"யார் கூப்பிட்டாலும் தானா பதிவாகற மாதிரி வச்சிருக்கேனே. இல்லாட்டி இடுப்பளவைக் கழுத்துக்குத் தச்சிடுவேன்."

பட்டியலில் விரல் கீழே இறங்கியது. பேங்க் அம்மா மூன்று நிமிடம். யாரோ ஐந்து நிமிடம். அதற்கும் கீழே அவருடைய பெயர்: அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். தொட்டார். பாதிக் குரல், பாதி இரைச்சல். பிறகு சிலுங்.

கடவுளே என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இதை யாருக்காவது அனுப்பினியா?"

"சித்தி மகளுக்கு மட்டும்தான். அவளும் பாட்டுன்னா உயிரை விடுவாள்ல... அவ யாருக்காவது அனுப்பிட்டாளா? ஏன், தப்பா?" அவள் முகம் மாறியது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை. "முதல்ல போய் அண்ணனைப் பாருங்க" என்றாள்.

ஆபீஸ் விடும் நேரம். சாவிக்கொத்து நாலாவது மாடியில் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக் கடைக்காரர் அவர் பின்னாலேயே நடந்தபடி சொல்லி முடித்தார்.

"தெரியும் தம்பி" என்றார் அவர், பூட்டை ஆட்டியபடி.

"தெரியுமா?"

"உங்க பையில வெளிச்சம் தெரிஞ்சுது. தங்கச்சி கேக்கறாங்கபோலன்னு நினைச்சேன்."

"அப்போ ஏன் அண்ணே அன்னைக்குச் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? உங்க போன் ஆன்ல இருந்துச்சு, அவ்வளவுதான் நான் பாத்தது. அது எப்படி வெளிய வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை வச்சு ஒருத்தரைக் காட்டிக் குடுக்கக் கூடாதில்ல."

அடுத்த கதவுக்கு அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார். தன் போன் என்று சொன்னார். தான் சொன்ன சாட்சி தப்பு என்றும் சொன்னார். ஒன்றரை, "நம்ம எல்லாருக்குமே அஞ்சுக்குப் பூஜ்யம்" என்றார். மாவுக்கட்டு பிரித்ததும் கணவனும் மனைவியும் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்கள். அந்தப் பெண் முதலில் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் ஊன்றுகோலோடு நின்றபடி, "நாலாவது பாட்டுல அந்த வார்த்தையை மட்டும் மாத்திடாதம்மா" என்றதும் அழுகையும் சிரிப்புமாகத் திரும்பினாள். மறுபடி பாட வருகிறேன் என்றாள். சாவிக்காரர் இருந்தால் வருகிறேன் என்றாள்.

நாலு பேர் போய் அழைத்ததும் அவர் வந்தார். ஒன்றரை தன் நாற்காலியைக் கொடுத்தார். "வசதியா இருக்கா அண்ணே?" என்று நர்ஸம்மா மூன்று தடவை கேட்டார். பாட்டு தொடங்கியது. அவர் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பொத்தி மடியில் வைத்திருந்தார். நாலாவது பாட்டில் கொஞ்சம் அசைந்தார். உடனே இருபது தலையும் லேசாகத் திரும்பி, வெட்கப்பட்டு முன்னால் போனது. இருமினார்; திரும்பியது. முடிந்ததும் அபிப்பிராயம் கேட்டார்கள். "மத்தவங்க சொல்லட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் படியேறவில்லை. கட்டிடம் கைமாறி, அவரை ஊருக்கு வெளியே வேறொரு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. ஆகவே அன்று டயர் கடை வாசலில் கண்ணாடிக் கடைக்காரரிடம் பேசியதுதான் கடைசிப் பேச்சு.

"அடுத்த ஞாயிறு வருவீங்கள்ல அண்ணே? கோபமா?"

"கோபம் என்ன கோபம், உங்க மேல எனக்கு வருத்தம்கூட இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்தப் பொண்ணு அங்க உசிரைக் குடுத்துப் பாடுது, நீங்க எல்லாரும் என்னைக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க. நான் இல்லாட்டி பாட்டையாவது கேப்பீங்க. சரி, நின்னு பேசிட்டிருக்காதீங்க, தங்கச்சி தனியா இறங்கறாங்க பாருங்க, போய்க் கையைப் பிடிங்க."