எதிரணி மேனேஜர் தொடர வேண்டும்

சித்திரபுரத்தில் மின்வாரிய அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. மலையாளம் புழங்கும் அலுவலகம். நான் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி என்பதால், தமிழில் எழுத வேண்டிய அறிவிப்புகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். நாளை மின்தடை, மரக்கிளை வெட்டப்படும், அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள், இப்படி. சம்பளம் வாங்குவது வாரியத்தில் என்றாலும் கால்பந்து என்று வந்தால் நான் எஸ்டேட் கட்சி. எங்கள் அணிக்கு மஞ்சள் சட்டை. வாரியக் குடியிருப்புக்காரர்கள் தனியாக ஓர் அணி வைத்திருந்தார்கள். காலனி அணி என்போம். அவர்களுக்கு நீலம். சுற்றுவட்டாரத்து அணிகள் எல்லாம் சனிக்கிழமை மத்தியானங்களில் மோதிக்கொள்ளும். யார் யாரிடம் தோற்றாலும் எங்களுக்குக் கவலையில்லை. காலனி தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் காலனி தோற்றுக்கொண்டே போனது. நாங்கள் நேர்ந்துகொண்டதைவிட அதிகமாகவே தோற்றது. காரணம் அவர்களுடைய புது மேனேஜர் என்று ஊரே சொன்னது. அவர் என் அலுவலகத்தில், எனக்கு எதிர் மேஜை.

கீழே சமவெளியில் கோவிந்தாபுரத்துக்காரர். ஜூன் மாத மழையில் மாற்றலாகி மலையேறி வந்தார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். குளிரே பார்க்காத மனிதர், காதை மூடும் குல்லாவோடுதான் ஃபைல் பார்ப்பார். சின்ன வயதில் கொல்லங்கோட்டில் கோல்கீப்பராக நின்றிருக்கிறாராம். அதை யாரிடமோ வாய்தவறிச் சொல்லிவிட்டார். காலனி அணியின் பழைய மேனேஜர் அப்போதுதான் ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்தார். மறுவாரமே இவர் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார்கள்.

"வேண்டாம்னு சொல்லலாமேங்க சார்?" என்று கேட்டேன்.

"எப்படிங்க மேடம் சொல்றது? வந்து நின்னு கேட்டாங்க. சாயங்காலம் ஊட்டுக்குப் போனாலும் செவுத்தத்தானுங்க பார்த்துட்டு உக்காரணும்" என்றார்.

சனிக்கிழமைகளில் மைதானத்தின் மேட்டில் எங்களுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே நான், என் அண்ணன், டீக்கடை மாமா, மூன்று பேரும் நிரந்தரம். அண்ணன் ஜீப் ஓட்டுகிறவன். மாட்டுப்பட்டி வரைக்கும் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய் வருவான். போகும்போது ஒரு விமர்சனம், வரும்போது ஒரு விமர்சனம். மாமா எஸ்டேட் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, டீக்கடை வைத்தவர். வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் ஒரே வரி, அந்த வாரம் முழுக்கப் போதும்.

காலனி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னான்: "இதெல்லாம் ஒரு ஆட்டமாடா? ஆபீஸ் ஃபைலு மாதிரில்ல போவுது. பின்னாடி இருக்கவன் நடுவுல இருக்கவன்கிட்ட கையெழுத்துக்கு அனுப்புதான். அவன் அப்ஜெக்ஷன் போட்டுத் திருப்பி அனுப்புதான். கோல் போஸ்ட்டுக்குப் போய்ச் சேரதுக்குள்ள ஆறு மேசை!"

உண்மைதான். அவருக்குப் பந்தைத் தூர அடிக்காமல் காலுக்குக் கால் பொத்திப் பொத்தி ஆட வேண்டும். எங்கள் மைதானமோ ஒரு பக்கம் சரிவு. பொத்தி ஆடினால் பந்து தானாகவே உருண்டு எதிரணிக்காரன் காலுக்குப் போய்விடும். ஆளை மாற்றுவதும் அப்படித்தான். ஒருவன் உள்ளே வந்து மூச்சு வாங்குவதற்குள் வெளியே கூப்பிட்டுவிடுவார். "சேந்த மறுநாளே டிரான்ஸ்பர்" என்றார் மாமா. அந்த வாரம் முழுக்க ஜீப்பில் அதுதான் ஓடியது.

ஒரு சனிக்கிழமை மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கக் கோல் போஸ்ட்டே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து கைதட்டல் மட்டும் கேட்டது. "யாரு அடிச்சது?" என்று ஒருவன் கத்தினான். "இது என்ன கேள்வி? காலனி ஆடுதுன்னா அடுத்தவன்தான் அடிச்சிருப்பான்" என்றான் அண்ணன். பனி விலகியபோது அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது.

திங்கட்கிழமைகளில் நான் அவரை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். கிண்டலை மைதானத்திலேயே விட்டுவிட்டு வரத்தான் நினைப்பேன். ஆனாலும், "என்ன சார், சனிக்கிழமை பனியா?" என்று கேட்காமல் இருக்க முடியாது. "பனிங்க. நல்ல வேளை, பாதிதானுங்க கண்ணுல பட்டுச்சு" என்பார். கோபித்துக்கொண்டதே கிடையாது. இதனாலேயே எங்களுக்குத் துணிச்சல் வளர்ந்தது.

சீசன் முடியப்போகும் நேரத்தில், காலனி கமிட்டி மேனேஜரை மாற்றப்போகிறது என்று செய்தி வந்தது. எங்கள் மேட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"இவரு போயிட்டா நமக்கு என்ன இருக்கு?" என்றான் அண்ணன். "ஏ புள்ள, நாம ஏதாச்சும் செய்யணும்."

ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்பது அவன் யோசனை. வாசகம் என் பொறுப்பு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைக் கடித்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். அடிமாலியில் அச்சடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் வரும் நேரத்துக்குச் சரியாக முச்சந்தியில் கட்டினான் அண்ணன்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. காலனி அணியின் அன்பு மேனேஜர் அவர்களின் பொன்னான சேவை தடையின்றித் தொடர வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "இப்படிக்கு, ஒவ்வொரு சனிக்கிழமையும் வயிறு குலுங்கச் சிரிக்கும் எதிரணி ரசிகர்கள்." கோயிலிலிருந்து வந்தவர்கள் ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே நின்று படித்துச் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருஷம் மின்தடை அறிவிப்பு எழுதியிருக்கிறேன், ஒருவர்கூட நின்று படித்ததில்லை.

திங்கட்கிழமை அவர் சீக்கிரமே வந்திருந்தார். நான் பையை வைப்பதற்குள் போனை நீட்டினார்.

"ஏனுங்க மேடம், பார்த்தீங்களா? எதிர் டீம் ஆளுங்க நமக்கு போர்டு வெச்சிருக்காங்க. நம்மாளுங்களுக்கு வராத மனசு அவங்களுக்கு வந்திருக்குதுங்க. போட்டோ எடுத்து ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டேன். சம்சாரத்துக்கு ஒரே சந்தோசம்."

படத்தில் பெரிய எழுத்து மட்டும் இருந்தது. கீழ்வரி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டலா, நிஜமா என்று ஒன்றும் பிடிபடவில்லை.

காலனி கமிட்டிக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. ஊர் நடுவில் மானம் போய்விட்டது என்று கொதித்துவிட்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, வருகிற சனிக்கிழமை ஆட்டத்தோடு விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். அதுதான் சீசனின் கடைசி ஆட்டம், அதுவும் எங்களோடு. அதுவரை அவர்கள் மாற்றுவதாகப் பேசிக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு சீசன் பார்க்கலாம் என்று பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஃப்ளெக்ஸ்தான் அந்தப் பாதியையும் மறுபக்கம் தள்ளிவிட்டது.

வியாழக்கிழமை அவர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். ஆனால் எப்போதும் நாற்காலி முதுகில் தொங்கும் நீல டிராக்சூட் சட்டை அன்றைக்கு இல்லை. மத்தியானம் வரை தாக்குப்பிடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமலே சொன்னேன்.

"சார், அந்த ஃப்ளெக்ஸ் நான் எழுதினது."

அவர் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, தடையின்றி, பணிவுடன்... ஃப்ளெக்ஸ்ல இப்படி எழுதற ஆளு இந்த மலையிலயே நீங்க ஒருத்தர்தானுங்க மேடம். படிச்சதும் முதல்ல, அன்னைக்கு கரண்ட் இருக்காதாட்ட இருக்குதுன்னுதானுங்க நெனச்சேன்."

சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. "அப்புறம் ஏன் சார் வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"அவங்க தெனமும் போன்ல கேக்கறாங்க, அங்க யாராச்சும் பேச்சுத்துணைக்கு இருக்காங்களா, பழகறாங்களான்னு. நான் இருக்காங்கன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. இதை அனுப்பிச்சதும் நம்பிட்டாங்க. கீழ் வரிய மட்டும் வெட்டிட்டேனுங்க." அப்பளத்தை உடைத்து பாதியை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. டீம் தோக்கறது உங்க ஃப்ளெக்ஸாலயா? என்னாலதானுங்க."

அன்று சாயங்காலம் அலுவலகம் விட்டதும் நேரே காலனிக்குப் போனேன். கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற லைன்மேன். என் அப்பாவுக்குத் தெரிந்தவர், என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர். காலனியை ஒட்டிய தன் வீட்டு வாசலில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த ஃப்ளெக்ஸ் வெளையாட்டுக்கு வச்சது. அதுக்காக அவர எடுத்துராதீங்க. இன்னும் ஒரு சீசன் குடுத்துப் பாருங்க" என்றேன்.

அவர் குச்சியை நட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். "நீ எந்த டீமும்மா?"

"எஸ்டேட்டு."

"எஸ்டேட்டுக்காரி வந்து, எங்க மேனேஜர மாத்தாதீங்கன்னு காலப் பிடிக்கா. அப்ப அந்த மனுசன் எங்கள எந்த நெலமைக்குக் கொண்டாந்து விட்டிருக்காருன்னு நீயே யோசிச்சுப் பாரு. எனக்கே கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு. இப்ப நீ வந்து சொன்னதும் தெளிஞ்சு போச்சு."

டீ குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன். திரும்பி வரும்போது ஒரு சுரைக்காயும் கொடுத்தனுப்பினார். போன காரியம் மட்டும் ஆகவில்லை.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் என்னைத் துரோகி என்றான். ஜீப்பில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல ஒரு நீலச்சட்டை இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சனிக்கிழமை மழை காலையிலேயே ஓய்ந்து, மைதானம் சேறாகக் கிடந்தது. அவர் கோட்டோரம் குல்லாவோடு நின்றார். நீல டிராக்சூட் சட்டையை மறுபடி போட்டிருந்தார். கடைசி நாள் என்பதாலோ என்னவோ, ஆட்டக்காரர்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை. ஆளை மாற்றவுமில்லை, விசிலடித்து யாரையும் கூப்பிடவுமில்லை. காலனிப் பையன்கள் பொத்துவதை விட்டுவிட்டு, சரிவில் பந்தை ஓங்கி உதைத்து அதன் பின்னால் ஓடினார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால், எங்கள் கோல்கீப்பர் சேற்றில் வழுக்கி உட்கார்ந்த நேரம் பார்த்து, ஒருவன் பந்தை உள்ளே தட்டிவிட்டான்.

நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். எனக்கே தெரியாது. மேட்டில் அத்தனை மஞ்சள் சட்டைக்கு நடுவில் நான் ஒருத்தி. அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். மாமா வேர்க்கடலையை உரித்தபடியே சொன்னார்: "கொசு கடிச்சிருக்கும், விடு."

இரண்டாம் பாதியில் நாங்கள் இரண்டு அடித்து ஜெயித்தோம். மஞ்சள் சட்டைகள் மைதானத்துக்குள் இறங்கி ஆடின. அவர் ஒவ்வொரு பையனிடமும் போய்க் கைகொடுத்தார். பிறகு விசிலைக் கழற்றி, நூலைச் சுற்றி, செயலாளர் கையில் வைத்தார். அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தார். அண்ணன் ஜெயித்த கொண்டாட்டத்தில் கத்திக்கொண்டிருந்தவன், அதைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கினான். "ஏ புள்ள, அந்த ஃப்ளெக்ஸ அவுத்துரட்டா?" என்று கேட்டான். அவிழ்த்தான். அது பிறகு ஜீப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க உதவியது.

அடுத்த சீசனில் காலனிக்குப் புது மேனேஜர் வந்தார். கண்டிப்பான ஆள். சரிவுப் பக்கம் எப்போது ஆடுவது, மேட்டுப் பக்கம் எப்போது ஆடுவது என்று கணக்காக ஆடவைத்தார். காலனி ஜெயிக்க ஆரம்பித்தது. அவரைப் பற்றிக் கிண்டலாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஜீப்பில் பேச்சே குறைந்துபோனது. போதாக்குறைக்கு எங்கள் அணி சரிய ஆரம்பித்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை கோவிந்தாபுரத்துக்காரர் குல்லாவோடு மேடேறி வந்தார். "இங்க உக்காரலாமுங்களா? அந்தப் பக்கம் உக்காந்தா, எல்லாரும் என்னையப் பார்த்துட்டு அப்புறம் ஸ்கோரப் பாக்கறாங்க."

மாமா நகர்ந்து இடம் விட்டார். இரண்டு வாரம் அவர் ஒன்றும் பேசாமல் கடலை தின்றுகொண்டு பார்த்தார். மூன்றாவது வாரம் எங்கள் அணி முதல் பாதியிலேயே திணறியது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேனேஜருங்க, பந்து போற பக்கமே நாலு பேரையும் ஓடவுடறாருங்க. ஒரு பந்துக்கு நாலு பேரு எதுக்குங்க? கல்யாண ஊட்டுல பந்திக்கு ஓடறாப்ல இருக்குது."

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனுக்குக் காது சிவந்தது. "ஒரு சீசன் முழுக்கத் தோத்தவரு எங்களுக்குச் சொல்ல வந்துட்டாரு!" என்று எழுந்து மைதானத்தின் மறுபக்கம் போய்விட்டான். "போகட்டுமுங்க" என்றார் அவர், கொஞ்சமும் முகம் வாடாமல். கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

இடைவேளையில் அண்ணன் திரும்பி வந்தான். அவர் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான். மைதானத்தைப் பார்த்தபடி, யாரையோ கேட்பதுபோல் கேட்டான்: "அப்ப யாரத்தான் பின்னாடி நிறுத்தணுங்கிறீங்க?"

அவர் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிக்கொண்டு, "அந்த ஏழாம் நம்பர் தம்பி இருக்குதல்லங்க..." என்று ஆரம்பித்தார். அண்ணன் உட்கார்ந்தான்.