முதல் காஸ் பிள்ளையாருக்கு

கப்பல்துறைக் கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலால் கண்டி வீதி போகும். வீதியோடு கரண்ட் கம்பியும் போகும். போனதே தவிர, எங்கள் ஒருவருடைய வீட்டுக்குள்ளும் அது எட்டிப் பார்க்கவில்லை. பொழுதுபட்டால் சீனக்குடாப் பக்கம் லைட்டுகள் ஜெகசோதியாய் எரியும். நாங்கள் குப்பி விளக்கோடும் விறகோடும் மல்லுக்கட்டுவோம்.

வெளிச்சம் இல்லாததை நான் பொறுத்துக்கொள்வேன். விறகைத்தான் பொறுக்க ஏலாது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. புகை பட்டால் மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். நானோ இடியப்பம் அவித்து வீதியோரத் தேநீர்க் கடைக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள். மாரி பிறந்தால் விறகெல்லாம் ஈரம். அடுப்பை ஊதி ஊதியே கண்ணும் நெஞ்சும் போய்விடும். "இப்பிடியே புகைக்குள்ள கிடந்தால் கனகாலம் தாங்கமாட்டீங்கள்" என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். புகையை விட்டால் சோற்றுக்கு என்ன வழியென்று அவர் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் விவசாயக் கந்தோரில் வேலை பார்க்கிற ஓர் ஐயா வந்தார். மாடு வைத்திருக்கிற வீடொன்றில் சாணியிலிருந்து அடுப்பெரிக்கிற காஸ் எடுக்கிற தொட்டி கட்டிக் காட்டப்போவதாகச் சொன்னார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கையைத் தூக்கினேன்.

"உனக்கென்ன விசரே? கண்டறியாத காஸ்!" என்றார் என் மனுசன்.

"ஓம், விசர்தான். அடுப்பை நீங்கள் ஊதுங்கோ, விசர் தெளிஞ்சிடும்" என்றேன்.

எங்கள் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, செங்கல்லால் கட்டி, சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்றி, மேலே ஓர் இரும்பு மூடியைக் கவிழ்த்தார்கள். காஸ் சேரச் சேர மூடி மேலே எழும்பும். அங்கிருந்து குழாய் குசினி அடுப்புக்கு வந்தது. போகும்போது அந்த ஐயா தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்: "முதல் எழும்புற காஸ் நெருப்புப் பத்தாது அம்மா. குழாயைத் திறந்து வெளியில விட்டிடுங்கோ. அடுத்ததுதான் எரியும்."

விடுவார்களா எங்கள் ஆட்கள்? முதல் கதிர் பிள்ளையாருக்கு, முதல் வாழைக்குலை பிள்ளையாருக்கு, கன்று போட்ட மாட்டின் முதல் பால் பிள்ளையாருக்கு. முதல் காஸை மட்டும் காற்றில் விடுவதா? கோயில் தலைவர் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்தார். மூடி முதன்முதல் எழும்பிய கையோடு குசினிக்குள் நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, அடுப்பில் பால் பானையும் ஏற்றியாகிவிட்டது. ஐயா சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "பிள்ளை, சாமி காரியத்தில கந்தோர்க் கதை கதையாதை" என்று தலைவர் அடக்கிவிட்டார்.

மனுசன் நெருப்புக்குச்சி கிழித்தார். உஸ்ஸென்ற சத்தமும் கூழ்முட்டை நாற்றமும்தான் வந்தன. இன்னொரு குச்சி. இன்னொன்று. பெட்டி காலியானது, பால் பச்சையாகவே கிடந்தது. கூடி நின்ற சனம் மூக்கைப் பொத்தியது.

"பிள்ளையாருக்கு விருப்பமில்லை. குழியைத் தூர்த்துப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தலைவர் இறங்கிப் போனார். ஐயோ, அந்த வெட்கம்! நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அடுத்த நாள் மனுசன் மண்வெட்டியோடு தொட்டியடிக்குப் போனார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். ஓடியதிலேயே மூச்சு இழுத்தது.

"மூடுறதெண்டால் என்னையும் உள்ள தள்ளிப்போட்டு மூடுங்கோ. எப்பிடியும் அந்த அடுப்படியில சாகப்போறவள்தானே!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் குழாயைத் திறந்தேன். பிள்ளையாருக்கென்று பிடித்து வைத்த முதல் காஸ் முழுவதும் புஸ்ஸென்று வெளியே போனது. மூடி தொப்பென்று இறங்கியது. பிறகும் தினமும் சாணி கரைத்து ஊற்றினேன். "சாணிக்காறி" என்றார்கள். "நெத்தியில பூசியிருக்கிற திருநீறு எதில செய்தது? பூவிலேயோ?" என்று கேட்டேன்.

மூடி மறுபடி எழும்பியது. ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே அடைமழை. ஈர விறகு புகைந்து, எனக்கு இருமி இருமிக் கண் இருண்டது. வந்த கோபத்தில் கொள்ளியை இழுத்து முற்றத்தில் எறிந்துவிட்டு, குசினிக் கதவையும் யன்னலையும் அகலத் திறந்தேன். புகை போனபிறகு நெருப்புப் பெட்டியை எடுத்தேன்.

"ராகு காலமடி!" என்று கத்தினார் மனுசன்.

"ராகுவுக்கும் பசிக்கும்தானே" என்று குச்சியைக் கிழித்தேன்.

பக்கென்று பற்றியது. நீல நெருப்பு, புகை ஒரு துளியில்லை. எனக்கு நம்ப முடியவில்லை. பழக்க தோஷத்தில் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டேன், பிறகுதான் சிரிப்பு வந்தது. மனுசன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அன்றைக்கு அவித்த இடியப்பத்தை, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற தேநீர்க் கடைக்காரர் பிய்த்துப் பார்த்து, "தங்கச்சி, இண்டைக்குப் புகை மணமே இல்லையே!" என்றார்.

அந்த மாரி முழுக்க என் அடுப்பு எரிந்தது. தைப்பொங்கலன்றும் மழை விடவில்லை. கோயிலில் விறகு நனைந்து, அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. விடிந்தும் விடியாமலும் வாசலில் ஒரு குடை. குடைக்குக் கீழே தலைவர். கையில் பொங்கல் பானை.

"பிள்ளை... உன்ர குசினியில ஒருக்காப் பொங்கித் தருவியோ?"

"பிள்ளையாருக்கு விருப்பமோ எண்டு கேட்டனீங்களோ?" என்றேன். விடுவேனா நான்! அவர் தலையைச் சொறிந்தார். சிரித்துவிட்டு வழியை விட்டேன்.

குசினி கொள்ளாத சனம். பால் விளிம்புக்கு ஏறி, நுரைத்து, நாலு பக்கமும் வழிந்தது. "அரோகரா!" என்று எல்லோரும் சத்தமிட்டார்கள். ஒவ்வொரு வருசமும் அந்த நேரத்தில் நான் வாயை மட்டும் அசைப்பேன், மூச்சு வராது. அன்றைக்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினேன். என் குரல் தலைவருடைய குரலுக்கும் மேலால் போனது. சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"அடி ஆத்தை, உனக்கு இவ்வளவு சத்தம் இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே!" என்றார் மனுசன்.

எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.