வேறு கல்யாணம், அதே ஃபேன்

1. டியூப் மேல் பழி

ஜெலுத்தோங் ரிப்பேர் கடையில் நான் சேர்ந்த முதல் வாரம். செல்வம் அண்ணன் தன் ப்ரீஆம்பை, கிட்டாரின் சத்தத்தை அமைக்கும் பெட்டியை, தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பகலில் ஃபேக்டரி, சனிக்கிழமை கல்யாண விருந்துகளில் வாசிப்பு.

"தம்பி, டியூப் எல்லாம் மாத்திட்டேன். செட் பண்ண சவுண்டு அப்படியே இருக்க மாட்டேங்குது, அழிஞ்சிடுது."

எங்கள் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு விளக்கம். கிட்டாரின் சத்தத்துக்குக் கனம் கொடுப்பது கண்ணாடி டியூப். கெய்ன், பேஸ், ட்ரெபிள் நாப்களை எவ்வளவு திருப்பினோம் என்பதை நினைவில் வைப்பது மெமரி சிப். கால் சுவிட்சை மிதித்தால் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு சத்தம், மலாய் ராக்குக்கு இன்னொன்று.

"எப்போ போகுது, அண்ணே?"

"போன சனிக்கிழமை நல்லா வாசிச்சிட்டிருக்கேன். பொண்ணோட மாமா வந்து, மாப்பிள்ளைக்கு வேர்க்குதுன்னு என் பிளக்கைப் பிடுங்கிட்டு ஃபேனை மாட்டிட்டாரு. திரும்பப் போட்டா எல்லாம் கன்னாபின்னா. எங்க பேண்ட் லீடர் சொல்லிட்டாரு, 'இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வீட்டுலயே இருலா, கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வருது'ன்னு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் பெட்டியை விடவில்லை.

கரண்ட் போனதும் நினைவு போகிறதென்றால் அது டியூபின் குற்றமில்லை. மூடியைத் திறந்து, முதலில் கெப்பாசிட்டரில் தங்கியிருந்த வோல்ட்டை இறக்கினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஷாக் அடிக்கும். போர்டின் மூலையில் காசு மாதிரி ஒரு பேட்டரி; கரண்ட் இல்லாதபோது மெமரி சிப்பைக் காப்பது அதுதான். மூன்று வோல்ட் காட்ட வேண்டியது பாதிகூடக் காட்டவில்லை. அதைக் கழற்றி, ஒரு ஹோல்டர் வைத்துப் புதியதைப் போட்டேன். ஆஃப் செய்து, ஆன் செய்து பார்த்தேன். நினைவு அழியவில்லை.

"இத்தனூண்டு பேட்டரியா?" என்றார். நம்பவில்லை.

2. ஸ்டோர் அழுத்துங்க

அழிந்துபோன சத்தங்களை அண்ணன் கடையில் ஹெட்ஃபோனிலேயே புதிதாக அமைத்தார். "ஷோக்கா இருக்கு!"

சனிக்கிழமை விருந்துக்கு நானும் கூடப் போனேன். மத்தியானம் டத்தோ கிராமாட் மண்டபத்தில் டிரம்ஸோடு ஒத்திகை பார்த்ததும் அந்த ஷோக்கு காணாமல் போனது. சோலோ சத்தம் அமுங்கிவிட்டது. சாதா சத்தம் காதைக் குத்தியது. கெய்னைக் குறைத்து, மிடிலை ஏற்றி, பேண்ட் வாசிக்க வாசிக்க சேமித்த ஒவ்வொரு சத்தத்தின், அதாவது ப்ரோக்ராமின், லெவலையும் சமப்படுத்தினோம். அண்ணன் நாப்பைத் திருப்புவார், சந்தோஷத்தில் அடுத்த சுவிட்சை மிதிப்பார். சேமிக்காததால் திருப்பியது அழிந்துவிடும்.

"ஸ்டோர் அழுத்துங்க, அண்ணே!"

கீபோர்டுக்காரர் டேவிட் சிரித்தார். "பொண்டாட்டி சொன்னாக்கூட மறக்கிற ஆளு தம்பி இவரு."

லீடர் சிரிக்கவில்லை.

3. மாமா வந்தார்

விருந்து தொடங்கி, இரண்டாவது பாட்டின் நடுவில் வேறு கல்யாணம், வேறு மாமா, அதே ஃபேன். நான் மேடையோரத்திலிருந்து ஓடுவதற்குள் பிளக் அவர் கையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் படித்து சர்ட்டிபிகேட் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பில் பேட்டரி இருந்தது, மாமா இல்லை.

அவர் கையிலிருந்து பிடுங்கி மறுபடி மாட்டினேன். விளக்கு எரிந்தது, அதே ப்ரோக்ராம் நம்பர். ஆனால் சத்தமில்லை. டியூப் சூடாக வேண்டுமே! லீடர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் விரல்களை ஃப்ரெட்டில் வைத்தபடி அசையாமல் நின்றார். டேவிட் அண்ணனுடைய வரியைக் கீபோர்டில் எடுத்து வாசித்தார்.

பிறகு கிட்டார் மெதுவாக மேலே வந்தது. மத்தியானம் அமைத்த அதே சத்தம். டேவிட் கையை எடுத்துக்கொண்டார். லீடர் மறுபடி திரும்பவில்லை.

இடைவேளையில் லீடர் நேராக அந்த மாமாவிடம் போனார். "ஃபேனுக்கு வேற பிளக் பாருங்க மாமா. எனக்கு இந்த கிட்டார்காரன் வேணும்."

அன்றிலிருந்து, மெமரி உள்ள எந்தப் பெட்டியானாலும், மூடியைப் பூட்டிய பிறகு வாடிக்கையாளர் கையாலேயே பிளக்கைப் பிடுங்கச் சொல்வேன். அவரே திரும்ப மாட்டுவார். டியூப் சூடாகும்வரை இருவரும் காத்திருப்போம். சத்தம் வந்து, "அதேதான் தம்பி" என்று அவர் வாயால் சொன்ன பிறகே வேலை முடிந்தது என்பேன்.