பொம்மை வைனலில் வார்த்த மீன்

நான் மீன் சாப்பிடுவதில்லை. பிறந்ததிலிருந்தே சைவம். ஆனால் மீனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்தத் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் தெரியாது என்பதை, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே கண்டுகொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்தோம். கணவர் பொறியியலாளர், அவருக்கு உடனே வேலை கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரியொன்றில் விலங்கியல் படிப்பித்த நான், என் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. நாங்கள் குடியிருந்த வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறினால் பத்து நிமிடத்தில் பரமட்டா. அங்கே ஒரு பொம்மைத் தொழிற்சாலையில், பொம்மைகளுக்குக் கண் தீட்டும் வேலையில் சேர்ந்தேன்.

பொம்மையின் உடம்பு வைனல் என்ற பிளாஸ்டிக். முதலில் அது பால்போன்ற ஒரு குழம்பு. அச்சில் ஊற்றிச் சூடாக்கினால் இறுகி, மெத்தென்ற தோலாகிவிடும். அந்த அச்சறையில் வேலை செய்தவர் ஐம்பது வயதான ஒரு வெள்ளைக்காரர். சனிக்கிழமை தவறாமல் நெப்பியன் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவார். ஒரு திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், தூண்டிலில் மாட்டும் ஊதா நிற ரப்பர் புழு ஒன்றை மேசையில் போட்டார்.

"அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். அங்கே பாஸ் மீன் இதற்குப் பாய்ந்து விழுமாம். நம்முடைய பாஸ் திரும்பியும் பார்க்கவில்லை."

நான் கையிலெடுத்துப் பார்த்தேன். "உங்களுடைய பாஸ் ஆற்றில் என்ன சாப்பிடுகிறது?"

"யாருக்குத் தெரியும்?"

"அதன் வயிற்றுக்குத் தெரியும். அடுத்த தடவை பிடித்தால், குடலை எறியாமல் எனக்குக் கொண்டு வாருங்கள்."

பக்கத்திலிருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். அவர் சுளிக்கவில்லை. அடுத்த திங்கள் ஒரு ஜாம் போத்தலில் மூன்று இரைப்பைகளை உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். தொழிற்சாலைப் பின்வாசலில், கண் தீட்டும் மேசையிலிருந்து எடுத்த சின்னக் கத்தியால் அவற்றைத் திறந்தேன். இறால் துண்டுகள், ஒரு தும்பியின் சிறகு, பாதி கரைந்த விரல் நீளச் சிறுமீன்கள் ஏழு. அவருக்கு அந்தச் சிறுமீனைத் தெரிந்திருந்தது. ஸ்மெல்ட் என்றார், கரையோரத்தில் கூட்டம் கூட்டமாகத் திரியுமாம்.

"அப்படியென்றால் நாங்கள் புழு செய்யத் தேவையில்லை. ஸ்மெல்ட் செய்வோம்," என்றேன்.

"நாங்களா?"

"வைனல் உங்களிடம் இருக்கிறது. மீன் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும்."

அந்த ஞாயிறு காலையில் அவர் கைவலையில் பிடித்த ஸ்மெல்ட்டுகளை ஈரப் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். பிரித்தபோது மீன் நாற்றம் வரவில்லை. அப்போது நறுக்கிய வெள்ளரிக்காயின் மணம் வந்தது. இத்தனை வருடம் படித்தும் படிப்பித்தும் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அது. அன்று முழுக்க அந்த மணத்துக்காகவே கையைக் கழுவாமல் இருக்கலாம் போலிருந்தது.

குசினி மேசையில் பிளாஸ்டரைக் குழைத்து, எண்ணெய் தடவிய மீன்களைப் பாதி புதையும்படி ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தேன். கணவர் தேத்தண்ணீருக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீர் சைவமெண்டுதான் வீட்டில மச்சம் மாமிசம் சமைக்கிறதில்லை. இப்ப நீரே குசினிக்குள்ள மீனைக் கொண்டுவந்து படுக்க வைச்சிருக்கிறீர்."

"இது சாப்பாடில்லையப்பா, சாம்பிள்."

"என்ரை தட்டில வராமல் பார்த்துக்கொள்ளும்."

பிளாஸ்டர் இறுகியதும் மீனை எடுத்துவிட்டேன். செதில், செட்டை, செவுள் மூடி எல்லாம் அச்சில் அப்படியே பதிந்திருந்தன. ஈரம் இருந்தால் சூடான வைனல் கொப்பளித்துவிடும் என்று அச்சறைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் அச்சுகளை அடுப்பில் வைத்துக் காய வைத்தேன்.

முதல் வார்ப்பு தொழிற்சாலையையே சிரிக்க வைத்தது. அன்று கையிலிருந்தது பொம்மைத் தோலுக்குக் கலந்த குழம்பு மட்டும்தான். அச்சைத் தட்டியபோது விழுந்தது மீனில்லை, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குழந்தையின் விரல் மாதிரி ஒன்று. நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் நிறம் சேர்க்காத குழம்பில் கொஞ்சம் பச்சையும், பொம்மைச் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளித்தூளும் கலந்தோம். கண்ணை நானே தீட்டினேன். பொம்மைக்கு ஆயிரக்கணக்கில் கண் தீட்டிய கை அது. மேசையில் வைத்தபோது, உண்மையான ஸ்மெல்ட்டுக்குப் பக்கத்தில் எது எதுவென்று சொல்ல முடியவில்லை.

அச்சறைக்காரர் அதை ஆற்றுக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"அழகான மீன், மிஸஸ். ஆனால் செத்த மீன். தண்ணீரில் குச்சி மாதிரிப் போகிறது."

எனக்குக் கோபம் வந்தது, என்மேல்தான். வகுப்பில் பிள்ளைகளுக்கு மீனின் உடலமைப்பைப் படிப்பித்த அதே முறையில், தட்டில் கிடக்கும் மீனைப் பார்த்தே இதையும் செய்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு நெப்பியன் ஓடும் பென்ரித்துக்குப் போய், ஆற்றங்கரையில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தேன். அவர் பத்திரிகை படித்தார். நான் ஸ்மெல்ட் கூட்டத்தைப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் செதில் தெரியவில்லை, செட்டையும் தெரியவில்லை. உடம்பு கண்ணாடி மாதிரி. பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு மின்னுகிறது, கண் கறுப்பாகத் தெரிகிறது, வால் ஓயாமல் துடிக்கிறது. அவ்வளவுதான். பாஸுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

திரும்பி வந்து அச்சைச் சுரண்டினேன். நான் பெருமைப்பட்ட செதில்களையெல்லாம் வழித்தெடுத்தேன். வாலடியில் பிளாஸ்டர் பூசி அதை நூல்போல மெலிதாக்கினேன். குழம்பில் மென்மையாக்கும் எண்ணெயை இரண்டு மடங்காக ஊற்றும்படி அச்சறைக்காரரிடம் சொன்னேன்.

"பொம்மைக்கு இப்படி ஊற்றினால் கழுத்தே நிற்காது," என்றார் அவர்.

"கழுத்து நிற்கத் தேவையில்லை. வால் ஆட வேண்டும்."

இந்தமுறை சோதனைக்கு நானும் போனேன், என் நிபந்தனையோடு: ஒரே இடத்திலிருந்து, பத்து வீச்சு அமெரிக்கப் புழு, பத்து வீச்சு எங்கள் மீன், மாறி மாறி. "மீன்பிடிக்கு இப்படியெல்லாம் விதி வைப்பதில்லை," என்று முணுமுணுத்தாலும் அவர் ஒத்துக்கொண்டார். புழுவுக்குப் பத்து வீச்சிலும் ஒன்றுமில்லை. எங்கள் மீனின் நான்காவது வீச்சில், தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த மரத்தடியில் நூல் சுண்டியது. இழுத்துப் பார்த்தால் பாஸ் இல்லை. எங்கள் மீனுக்கு வாலும் இல்லை. எதுவோ கடித்துக்கொண்டு போயிருந்தது.

அவர் சலித்துக்கொண்டார். நான் துள்ளிக் குதிக்காத குறை. "வாலைக் கடித்திருக்கிறது பாருங்கள்! வாலைத்தான் பார்த்திருக்கிறது!"

வேறொன்றை மாட்டினார். ஏழாவது வீச்சில் தூண்டில் தடி வளைந்தது. வெண்கல நிறத்தில், கையளவுக்கு மேலான ஒரு பாஸ் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த சுற்றில் இன்னொன்று. புழு அன்று முழுவதும் சும்மா நீந்திவிட்டு வந்தது. முதல் மீனின் வயிற்றை அங்கேயே கிழித்தேன். உள்ளே ஐந்து ஸ்மெல்ட். எங்களுடையதை அருகில் வைத்தோம், நீளம் ஒன்றே. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து இரண்டையும் விரலால் அளந்து பார்த்தார்.

அதன்பிறகு தான் மீன்பிடிச் சாமான் வாங்கும் கடையில் இதைச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அதைச் செய்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றாராம். ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் போனோம். கடைக்காரர் எங்கள் மீனை விரலால் வளைத்துப் பார்த்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்:

"எத்தனை பங்கு எண்ணெய் கலந்தீர்கள்?"

"எனக்குத் தெரியாது. அவவைக் கேளுங்கள்."

"வால் ஏன் இவ்வளவு மெலிது?"

"அதுவும் அவவுக்குத்தான் தெரியும். நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்."

அப்போதுதான் கடைக்காரர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். நான் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து வைத்ததும், மீனை நூலில் கட்டி அதற்குள் மெல்ல இழுத்துக் காட்டினேன். வால் துடித்தது. கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் கிட்ட வந்தார்கள்.

"கடலோரத்துக்கு மல்லட் குஞ்சும் செய்ய முடியுமா?" என்றார் கடைக்காரர், இந்தத் தடவை என்னிடம்.

மல்லட் என்பது எங்கள் ஊர் மணலை மீன். "முடியும். ஆனால் அதன் வால் வேறு, நீந்துவதும் வேறு. காலையில் பிடித்ததாக எட்டுக் குஞ்சு கொண்டுவாருங்கள். பழசு வேண்டாம்."

அடுத்த ஞாயிறு காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கணவர் போய்த் திறந்தார். கடைக்காரர் ஈரத் துணிப் பொட்டலத்தோடு நின்றார். கணவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இஞ்சேரும், உமக்குத்தான் ஆள் வந்திருக்கு."