பொட்டுவுக்குப் பத்தியம்

காய்கறிக் கவர் சலசலத்தால் போதும், சமையற்கட்டு மூலையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய கூடைக்குள்ளிருந்து "வீக், வீக்" என்று விசில் கிளம்பும். புல்லைப் போட்ட பிறகுதான் அது அடங்கி, பல்லில் புல் நறுக்கென்று அறுபடும் சத்தம் மட்டும் கேட்கும். கடைக்காரர் அதைக் கினி பிக் என்றார், மாடி வீட்டு அக்கா "வாலில்லாத எலி" என்றாள், நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் நான் பொட்டு என்று பெயர் வைத்தேன். தமிழில் அதற்குச் சீமைப் பெருச்சாளி என்று ஒரு பெயர் இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நல்லவேளை, அப்போதே தெரிந்திருந்தால் பெரியம்மா அதை வாசற்படி தாண்ட விட்டிருக்க மாட்டாள்.

வடசென்னையில், காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். தம்பி பிறந்த அன்றே போய்விட்டான். அதன் பிறகு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். ஊமையாகிவிடவில்லை, தண்ணி லாரி வந்தால் "வந்துச்சு" என்பாள், அப்பா மணலியில் ஷிப்ட் முடிந்து வந்தால் "சோறு கீது" என்பாள், அவ்வளவுதான். புளியந்தோப்பிலிருந்து வந்து எங்களோடு தங்கிய பெரியம்மா, அம்மாவுக்கு அக்காள், அவளைப் பத்தியத்தில் வைத்தாள். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, வெந்நீர். பழம், கீரை, தயிர் எதுவும் கண்ணில் படக் கூடாது. "கையில புள்ள தங்கலன்னாலும் பெத்த ஒடம்பு பெத்த ஒடம்புதான்" என்று பெரியம்மா சொல்லும்போதெல்லாம் அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். எனக்கு அந்த நாட்களில் ஒன்றுமே தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன்.

வீட்டில் ஓர் உயிர் ஓடியாடினால் அம்மா தெளிவாள் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு பாரிமுனைப் பக்கம் போய் அதை அட்டைப்பெட்டியில் வாங்கிவந்தார். விற்றவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பாவை விட்டுவிட்டு என்னிடம்தான் பேசினார். சோறு போடாதே, பிஸ்கட் போடாதே, புல் எந்நேரமும் இருக்கணும், காயில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஆகாது என்று அடுக்கிவிட்டு, கடைசியில் சொன்னார்: "தெனம் ஒரு துண்டு கொய்யா குடு பாப்பா. நம்மள மாதிரி இல்ல, நாய் பூனை மாதிரியும் இல்ல, அந்தச் சத்து அது ஒடம்புல ஊறாது. வாயில போட்டாதான் உண்டு. நிறுத்தினா கால் வுழுந்துடும்." அது வைட்டமின் சி, மனிதனுக்கும் ஊறாது என்று பின்னால் படித்தேன். மற்றபடி அவர் சொன்னது அத்தனையும் சரி.

ரயில் பாதையை ஒட்டி அப்போது ஒரு காலி மைதானம் இருந்தது. பள்ளி விட்டதும் அங்கே அருகம்புல் பிடுங்குவேன். அந்தப் புல்மேல் எப்போதும் கறுப்பாக ஒரு தூசி படிந்திருக்கும்; மூன்று பக்கெட் தண்ணீரில் அலசினால்தான் பச்சை தெரியும். தண்ணீரை வீணாக்குகிறேன் என்று பெரியம்மா கத்துவாள், "எலிக்கு இன்னாடி இவ்ளோ உபசாரம்" என்பாள். முள்ளங்கிக் கீரை, கொத்தமல்லித் தண்டு, ஒரு துண்டு கொய்யா என்று நான் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் பொட்டு மளமளவென்று பெருத்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. தெருவில் முட்டளவு தண்ணீர், வீடெல்லாம் ஈரம். ஒரு நாள் காலையில் பொட்டு அடுத்தடுத்து நாலைந்து தும்மல் போட்டது. சுவரோரம் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து கூடையைத் தூக்கினாள், பொட்டுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுக்குச் சளி புடிச்சிக்கிச்சு. பச்சத் தண்ணியில அலசின புல்லப் போட்டா புடிக்காதா? பத்தியம் போடணும்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். பெரியம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து பொட்டுவை அம்மா எடுத்துக்கொண்டாள். புல் கிடையாது, பழம் கிடையாது. ரஸ்க்கை வெந்நீரில் ஊறவைத்து விரலால் ஊட்டுவாள், பொரியை வறுத்துப் போடுவாள், பூண்டைச் சுட்டுக்கூட வைத்தாள். நாள் முழுக்க அதனோடு பேச்சு. "நாலு நாள் வாயக் கட்டு கண்ணு, தேறினதும் எல்லாம் தரேன்" என்பாள். அப்படியே என்னிடமும் பேசுவாள், அப்பாவிடமும் பேசுவாள். ஒரே ஒரு தடவை நான், கொய்யாவை நிறுத்தக் கூடாது என்று கடைக்காரர் சொன்னாரே என்றேன். "சளிக்குக் கொய்யாவா? கொல்லப் பாக்கறியா?" என்றாள் அம்மா. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

தும்மல் நின்றுபோனது. பத்தியம் வேலை செய்கிறது என்று அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, நாலு நாள் நாலு வாரத்தைத் தொட்டது. பொட்டுவின் முடி சிலிர்த்து நின்றது. பிறகு பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது, தொட்டால் கீச்சென்று கத்தியது. உடம்பில் தெம்பு இல்லை, பத்தியம் இன்னும் பத்தவில்லை என்றாள் அம்மா. எனக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் கொய்யா வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், வீட்டில் யாரும் இல்லை. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாவை முழுவதும் நானே தின்றேன். கொய்யா கொடுத்து அது எழுந்து நடந்தால் அம்மா செய்தது தப்பென்று ஆகிவிடும். அப்புறம் அவள் திரும்பவும் சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்வாள். பதினொரு வயதில் இவ்வளவு கணக்குப் போட முடியுமா என்று கேட்பீர்கள். போட்டேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அது விறைத்துக் கிடந்தது. அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு "என் புள்ள, என் புள்ள" என்று வாய்விட்டு அழுதாள். தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள், எலிக்காகவா இப்படி என்று யாரும் கேட்கவில்லை. தம்பிக்கு அழாததையெல்லாம் சேர்த்து அன்றைக்கு அழுது தீர்த்தாள். அப்பா மைதானத்தில் குழி தோண்டினார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும்.

இப்போது அந்த மைதானம் இல்லை. முழுக்கக் கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள், லாரி போகிற வழியில் புல் முளைக்க இடம் கிடையாது. பெரியம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நாளெல்லாம் பேச்சு, பேச்சில்லாத நேரத்தில் போனில் வீடியோ. போன மாதம் ஒரு மத்தியானம், யாரோ ஒரு பெண் கினி பிக்குக்கு என்னென்ன கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லும் வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நம்ம பொட்டுக்கு இதான் வந்துது, இல்ல?"

ஆமாம் என்றேன்.

"உனுக்கு அப்பவே தெரியும். ஒருவாட்டி சொன்ன. அப்பறம் இன்னாத்துக்குடி சும்மா இருந்த?"

மழுப்பியிருக்கலாம், சின்னப் பிள்ளை எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.

"நீ பேசிக்கினு இருந்தியேம்மா" என்றேன்.