மூணாம் நம்பர் பிரஸ்ஸும் ஒரு ஹாட் பாக்ஸும்

பிரஸ் ஷாப் சூப்பர்வைசருக்கு இருப்பது இரண்டே காது: ஒன்று மெஷினுக்கு, மற்றது மேனேஜருக்கு. திருமழிசையில், கார்களுக்குத் தகடு அடித்து வளைக்கும் கம்பெனியில், பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் காலம் தள்ளுகிறேன். மேலேயும் கீழேயும் இடி வாங்கும் என் சகாக்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

கண்ணைக் கட்டி ஒரு வகுப்பு

எங்களுக்குக் குழு உணர்வு போதாது என்று புது மேனேஜருக்குத் தோன்றிவிட்டது. வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். எல்லோர் கண்ணையும் கைக்குட்டையால் கட்டி, பேப்பர் கப்புகளைக் கோபுரமாக அடுக்கச் சொன்னார். என்னுடையது மூன்று தடவை சரிந்தது. மேனேஜருடையது சரியவே இல்லை. கண்கட்டை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில், இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டார் பயிற்சியாளர். மூணாம் நம்பர் பிரஸ் ஓட்டும் கஸ்தூரி எழுந்தார். பட்டாபிராம்காரர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

"இதுக்கு எதுக்கு சார் கைக்குட்ட? எங்க பிரஸ்ஸாண்ட லைட்டு போயி ஒரு மாசம் ஆவுது. டெய்லி இப்டித்தான் தடவிகினு கீறோம்."

சீட்டு எழுதாத சிங்கங்கள்

அடுத்து, குழுக்களுக்குப் பெயர் வைத்தார்கள். நாங்கள் சிங்கங்கள். விபத்து நடக்கப் பார்த்து நூலிழையில் தப்பினால் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவது எங்கள் வழக்கம். மாதம் முழுக்க ஒரு சீட்டும் விழாத குழுவுக்கு ஹாட் பாக்ஸ் பரிசு என்று மேனேஜர் அறிவித்தார். மறுநாளே தொழிற்சாலையில் ஆபத்து ஒழிந்துவிட்டது, அதாவது பெட்டி காலி.

பட்டனை ஒரு தடவை அழுத்தினால் பிரஸ் ஒரு தடவைதான் இறங்க வேண்டும். மூணாம் நம்பர் பிரஸ் தானாக இரண்டாவது தடவையும் இறங்கியது என்று கஸ்தூரி சீட்டு எழுதி வந்தார். மாதம் முடிய நான்கே நாள் இருந்தது. வாங்கிப் பார்த்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த மெஷின் தேசிங்கு அவரைச் சமாதானப்படுத்தினான்.

"கைதான் உன்னாண்டயே கீதேக்கா, அப்பால இன்னாத்துக்கு சீட்டு?"

பரிசு நாள்

ஹாட் பாக்ஸ் எங்களுக்கே கிடைத்தது. கைதட்டி, போட்டோ எடுத்து, வேலைக்குத் திரும்பி அரை மணி இருக்கும். கஸ்தூரி தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார்; பிரஸ் மறுபடி இறங்கியது. கையை உருவிக்கொண்டார், கிளவ்ஸ் மாட்டிக்கொண்டது. அதன் இரண்டு விரல்கள் அப்பளமாகிக் கிடந்தன. பையிலிருந்த சீட்டு நெஞ்சைச் சுட்டது.

தேசிங்கு போய் மெயின் சுவிட்சை இறக்கினான். மற்றவர்களும் மெஷினை விட்டு விலகி நின்றார்கள். லைனை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார் மேனேஜர். நான்தான் என்று சொல்லி, அந்தச் சீட்டை அவரிடம் நீட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக உருப்படியாக ஒன்று செய்தேன், அதுவும் நான்கு நாள் தாமதமாக.

கஸ்தூரி என் முகத்தைப் பார்க்கவில்லை. நசுங்கிய கிளவ்ஸை ஹாட் பாக்ஸுக்குள் போட்டு மூடி மேனேஜர் கையில் கொடுத்தார்.

"அடுத்த தபா ஐஸ் பாக்ஸா குடுங்க சார். வெரல எடுத்துகினு ஆஸ்பத்திரிக்கு ஓட அதான் தோதா இருக்கும்."

இப்போது மூணாம் நம்பர் பிரஸ்ஸுக்கு விளக்கு எரிகிறது, தானாக இறங்காதபடி பிரேக் மாற்றியாகிவிட்டது, பெட்டி நிறையச் சீட்டு விழுகிறது, சிங்கங்கள் அத்தனை விரல்களோடும் குழுக்களின் பரிசுப் பட்டியல் போர்டில் கடைசி இடத்தில் இருக்கிறோம்.