ஒன்பதாம் வரிசை, பதினான்காம் கல்

வேன்காரர் மேஜர், போர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் விற்கிறார் என்ற செய்தி எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. வெயிலில் இருக்கும் கல்லுக்கு ஒரு விலை, மரநிழலில் இருக்கும் கல்லுக்கு வேறு விலையாம். சொன்னவர் கடைக்காரர். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கத்தி என் காதோரம் வந்து நின்றது. அதற்கு மேல் கேட்கவில்லை. வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு இவ்வளவு ஆதாரமே தாராளம். ஆனாலும் செத்தவர்கள் விஷயம். மறுப்பு எழுதமாட்டார்கள் என்று நம்பி எதையாவது எழுதிவிடக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜரின் வேனில் ஒரு சீட் பிடித்தேன்.

மேஜர் என்பது ஊர் வைத்த பெயர்; அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. ஆள்சேர்ப்புக்கு மூன்று முறை போனார். முதல் முறை மார்பளவு போதவில்லை. இரண்டாம் முறை பாதம் தட்டை. மூன்றாம் முறை டாக்டர் அளவுநாடாவை எடுக்கவே இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்து அனுப்பிவைத்தார். பிறகு பதினெட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பள்ளிக்கூடம் சொந்தமாக பஸ் வாங்கியதும், அதே வேனில் பழைய போர்க்களம், பதுங்கு குழி, கல்லறைத் தோட்டம் என்று ஆட்களை ஏற்றிப்போய்ச் சுற்றிக்காட்ட ஆரம்பித்தார். சீட் உறைதான் மாறியது. எழுபது வயதுக்காரர்களிடம் இன்றைக்கும், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே என்கிறார். ஏறும்போது தலை எண்ணுகிறார், இறங்கும்போதும் எண்ணுகிறார். பின்சீட்டில் அவர் மனைவி ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

வதந்தியின் வேர் அந்த நோட்டுதான். தோட்டத்தில் நானூற்றுச் சொச்சம் கற்கள். அதில் நூற்று நாற்பதில் 'பெயர் தெரியாத போர்வீரர்' என்று மட்டும் இருக்கிறது. சொந்தக்காரர் புதைந்திருக்கும் கல்லைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் இரண்டு படம் பிடித்துவிட்டு டீக்கடை எங்கே என்று கேட்பார்கள். மேஜருக்கு அது பொறுக்கவில்லை. அப்படிக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் பெயர் தெரியாத ஒருவரை ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறார். டிக்கெட்டின் பின்பக்கம் வரிசை எண்ணும் கல் எண்ணும் இருக்கும். அந்தக் கல்லின் முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். காசு கிடையாது. யாருக்கு எந்தக் கல் என்பது நோட்டில் ஏறும். எனக்குப் பதினேழாம் வரிசை, மூன்றாம் கல். நல்ல வெயில்.

ஏன் இப்படி என்று மேஜரின் மனைவியிடம் கேட்டேன். "ஸ்கூல் வேன் ஓட்டின ஆளு. கூட்டிட்டுப் போக யாரும் வராத பிள்ளைய கேட்ல விட்டுட்டு வரமாட்டாரு" என்றார்.

ஆக, விற்பனை பொய். பத்தி போச்சே என்று நான் நொந்துகொண்டிருந்தபோதுதான் ஒன்பதாம் வரிசையில் சண்டை ஆரம்பித்தது.

பதினான்காம் கல் மரத்தடியில் இருக்கிறது. ஆறு வருடமாக மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே வந்து நிற்பவர் ஓய்வுபெற்ற வங்கி காசாளர் அம்மாள். நான்கு வருடமாக இரண்டாம் ஞாயிறு வந்து நிற்பவர் வெங்காய மண்டிக்காரர். அவர் முதன்முதலில் வந்த அன்று மேஜரின் மனைவி நோட்டோடு தங்கை பிரசவத்துக்குப் போயிருந்தார். வியர்த்து நின்ற மனிதருக்கு மேஜர் ஞாபகத்தை நம்பி நிழலைக் கொடுத்துவிட்டார். இந்த மாதம் மண்டி விடுமுறை ஒரு வாரம் முன்னால் வந்துவிட்டது. இருவரும் ஒரே கல்லுக்கு முன்னால் நின்றார்கள்.

அங்கே சத்தம் போடக் கூடாது. அதனால் இருவரும் கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள். அம்மாள் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். மண்டிக்காரர் தன்னுடையதை அதன்மேல் வைத்தார். மேஜர் இருவருக்கும் நடுவில் நின்று, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்போலத் தரையைப் பார்த்தார்.

கிசுகிசுப்பு தோட்டக் கண்காணிப்பாளர் காதுக்கு எட்டிவிட்டது. மேஜர்மேல் ஏற்கெனவே இரண்டு புகார்: ஒன்று ஹாரன் அடித்ததற்கு, இன்னொன்று ஒரு பயணி கடலைத்தோல் உரித்துப் போட்டதற்கு. மூன்றாவது எழுதினால் வேன் கேட்டுக்குள் வர முடியாது; மேஜருக்குப் பிழைப்பு அதோடு முடிந்தது. கண்காணிப்பாளர் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, இந்த வீரருக்கு நீங்கள் யார் என்று கேட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கல்லுக்கு அடித்துக்கொண்டால் கூட்டி வந்தவன்தான் பொறுப்பாம்.

அம்மாள் மேஜரின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"என் தம்பி" என்றார்.

"பேரே தெரியாதுன்னு போட்டிருக்கு. தம்பின்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"பேரு உங்களுக்குத்தான் தெரியாது."

"சண்டை நடந்தப்ப நீங்க பொறந்தே இருக்கமாட்டீங்களே."

"அவன் இருபதுல நின்னுட்டான். நான் தாண்டி வந்துட்டேன். அப்ப தம்பிதானே?"

கண்காணிப்பாளர் மண்டிக்காரர் பக்கம் திரும்பினார். மண்டிக்காரர் நான்கு வருடமாக அந்தக் கல்லை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே சொன்னார்.

"எனக்கு மாமா."

கண்காணிப்பாளர் குடும்பஸ்தர். விரல்விட்டு முறை பார்த்தார். அம்மாளுக்குத் தம்பி, இவருக்கு மாமா. பெற்ற தாயாக இருக்க வழியில்லை. அம்மாளைவிட இவருக்கு நான்கு வயது கூட.

"அப்ப இவங்க உங்களுக்குச் சித்தி" என்றார்.

அறுபத்திரண்டு வயது மண்டிக்காரர் ஐம்பத்தெட்டு வயது அம்மாளைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து, நாள் முழுவதும் மூட்டை விலை பேசி மசியாத ஆள் அவர். "ஆமா, சித்திதான்" என்றார். பதிவேட்டில் புகாருக்குப் பதிலாக, உறவினர் வருகை என்று இரண்டு வரி ஏறியது. பேனாவை மூடினார்.

வேன் திரும்பியபோது மண்டிக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். முதலில் வாங்கியவர் சித்தி என்பதால் கல் அவருக்கே என்று ஒப்புக்கொண்டுவிட்டார். மேஜருக்குத்தான் மனசு ஆறவில்லை. வேறு ஒருவரைத் தருகிறேன் என்றார். நிழலில் யாரும் காலியில்லை என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. வெயிலில் வேண்டுமானால் இரண்டு பேரைத் தருகிறேன் என்றார் மேஜர்.

"நிழலுக்காக இல்லப்பா" என்றார் மண்டிக்காரர். "என் பையன் மண்டிக்கு வரமாட்டேன்னு சொன்னதுலேருந்து எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். புது ஆள்கிட்ட மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மேஜர் வேனை நிறுத்தினார். இறங்கும்போது தலை எண்ணினார், எல்லோரும் இருந்தோம். அவர் மனைவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'மண்டிக்காரருக்கு ஒரு வீரர் பாக்கி.' போன வாரம் கேட்டேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லையாம்.